பைபர் வள்ளத்தைப் பழுதுபார்க்க

இடம்பெயர்ந்திருந்த காலத்தில் கரையில் கிடந்த வள்ளத்தை உடனே கடலில் இறக்காதீர்கள். முதலில் வெடிப்புகளைத் திருத்துங்கள்.

1. நன்னீரால் கழுவி, முற்றாகக் காயவிடுங்கள். உப்போ ஈரமோ இருந்தால் ஒட்டு பிடிக்காது.

2. பழுதான பகுதியை வெட்டி நீக்கி, விளிம்பைச் சரிவாகத் தேயுங்கள். 5 மில்லிமீற்றர் தடிப்புக்கு 60 மில்லிமீற்றர் சரிவு நல்லது.

3. 1 கிலோ பொலியெஸ்டர் றெசினுக்கு 10 முதல் 20 மில்லிலீற்றர் ஹாட்னர் போதும். வெயில் கூடினால் குறைந்த அளவே சேருங்கள்.

4. பைபர் துணியைப் படைபடையாக வைத்து, தூரிகையால் குத்திக் காற்றை வெளியேற்றுங்கள். வெள்ளையாகத் தெரியும் இடத்தில் றெசின் ஊறவில்லை. அது கடலில் பிரியும்.

கையுறை, முகமூடி, கண்ணாடி அணியுங்கள். ஹாட்னர் கண்ணில் பட்டால் உடனே நீரால் நீண்டநேரம் கழுவி, வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

ஒட்டு இறுகியபின் கரையோரம் ஓட்டிப் பாருங்கள். நீர் கசியாவிட்டால் மட்டுமே தொழிலுக்குப் போங்கள்.