காசநோய் மருந்தும் கண்பார்வையும்

காசநோய் தீராத நோயன்று. முறையாக மருந்துண்டால் அது தீரும் என்பதை நம் தோட்ட மக்கள் நன்கு அறிவர். ஆயினும், அம்மருந்துகளுள் ஒன்று சிலருடைய கண்பார்வையைக் கெடுக்கக் கூடும் என்பதையும், கேட்டினைத் தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் பெரும்பாலும் பார்வையைக் காத்துக்கொள்ளலாம் என்பதையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். அதுவே இம்மாதப் பாடம்.

நான்கு மருந்துகள்

நம் நாட்டில் தேசியக் காசநோய்த் தடுப்புத் திட்டம் 1961ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில்தான், அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தினர் எத்தாம்பியூட்டால் என்னும் புதிய மருந்தினை உலகுக்கு அறிவித்தனர்.

இன்று வழக்கமான சிகிச்சை 6 மாதங்கள் நீடிக்கும். முதல் 2 மாதங்களில் ஐசோனையசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் ஆகிய நான்கும் கொடுக்கப்படும். அடுத்த 4 மாதங்களில் முதல் இரண்டு மட்டும் தொடரும். நோயின் தன்மைக்கேற்பச் சிலருக்கு இக்காலம் நீளும். நான்கு மருந்துகளும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவதும் உண்டு.

இவற்றுள் பார்வை நரம்பைத் தாக்கக் கூடியது, முக்கியமாக, எத்தாம்பியூட்டால் ஆகும். ஐசோனையசிட் மிக அரிதாகவே அவ்வாறு செய்யும். ரிஃபாம்பிசின் உண்பவர்க்குச் சிறுநீரும் வியர்வையும் கண்ணீரும் செம்மஞ்சள் நிறமாக மாறும். இதனைக் கண்டு அஞ்சவேண்டா. இதனால் கண்ணுக்குத் தீங்கில்லை.

கண்ணுக்கு நேர்வது யாது?

விடியுமுன் பால்வெட்டுக்குச் செல்பவரின் தலைவிளக்கை எண்ணிப் பாருங்கள். கண்ணாடி தூய்மையாக இருக்கும். பல்பும் நன்றாக இருக்கும். ஆனால் பேட்டரியிலிருந்து வரும் கம்பி பழுதுற்றால் ஒளி மங்கிவிடும். பார்வை நரம்பும் அத்தகைய கம்பியே. கண் காணும் காட்சியை மூளைக்குக் கொண்டு சேர்ப்பது அது. அந்நரம்பு தாக்கப்படும்போது கண் சிவப்பதில்லை, வலிப்பதுமில்லை. ஆகவே பிறர் பார்த்து அறிய இயலாது. மருந்துண்பவரே உணர்ந்து சொல்ல வேண்டும்.

அடையாளங்கள் மூன்று. எழுத்துகளும் முகங்களும் மங்கலாகத் தெரிதல் ஒன்று. சிவப்பும் பச்சையும் வெளிறித் தோன்றுதல், அல்லது அவற்றை வேறுபடுத்த இயலாமை மற்றொன்று. நேராகப் பார்க்கும் இடத்தில் கரும்புள்ளி போல் மறைத்தல் மூன்றாவது. இவை பெரும்பாலும் மருந்து தொடங்கி 2 மாதங்கள் கழிந்தபின் தோன்றும். சிலருக்கு முன்னரும் தோன்றலாம்.

மருந்தின் அளவு மிகுந்தால் ஆபத்தும் மிகும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் என்னும் அளவில் உண்பவருள், ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரோ அதற்கும் குறைவானவரோதான் பாதிக்கப்படுவர். 25 மில்லிகிராம் என்றால் அது நூற்றுக்கு 5 அல்லது 6 பேராக உயரும். எனவேதான் மருத்துவர் நம்மை நிறுத்துப் பார்த்து மாத்திரையின் எண்ணிக்கையை முடிவு செய்கிறார். இம்மருந்து சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவது. சிறுநீரகம் பழுதுற்றோர்க்கு அது உடலிலேயே தங்கிவிடும். சிறுநீரக நோயோ நீரிழிவோ இருப்பின், அதனை முதல் நாளிலேயே மருத்துவரிடம் கூறிவிடுங்கள்.

மருந்துக்கு முன்னும் பின்னும்

சிகிச்சை தொடங்கும்போதே கண்ணைச் சோதித்துக் குறித்து வைத்தல் நலம். சுவரிலுள்ள எழுத்துப் பலகையைப் படிக்கச் செய்வது ஒரு சோதனை. வண்ணப் புள்ளிகளுக்கிடையே மறைந்துள்ள எண்ணைக் கண்டுபிடிக்கச் செய்வது மற்றொன்று. பின்னதை ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917ஆம் ஆண்டில் வெளியிட்டார். முன்பு எவ்வளவு தெரிந்தது என்பது ஏட்டில் இருந்தால்தான், பின்பு எவ்வளவு குறைந்தது என்று சொல்ல முடியும்.

வீட்டிலும் வாரந்தோறும் ஒரு சோதனை செய்துகொள்ளலாம். சுவரில் மாட்டியுள்ள நாள்காட்டியே போதும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் நில்லுங்கள். கண்ணாடி அணிபவர் அணிந்துகொள்ளுங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, மற்றக் கண்ணால் எண்களைப் படியுங்கள். ஞாயிற்றுக்கிழமையின் சிவப்பு எண் முன்போலவே செஞ்சிவப்பாகத் தெரிகிறதா என்று பாருங்கள். பின்னர் அடுத்த கண்ணையும் அவ்வாறே சோதியுங்கள். இரு கண்களாலும் சேர்த்துப் பார்த்தால், ஒரு கண்ணின் குறையை மறு கண் மறைத்துவிடும். சிறு குழந்தைகளுக்குச் சொல்லத் தெரியாது. பொருள்களைத் தடவித் தேடுகின்றனரா, இடறி விழுகின்றனரா என்று பெற்றோரே கவனித்தல் வேண்டும்.

மாற்றம் தெரிந்தால்

இங்குத்தான் இரு தவறுகள் நிகழ்கின்றன. முதலாவது, "வயதாகிவிட்டது" என்று எண்ணி, இரவுச் சந்தையில் ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிக்கொள்வது. நரம்பின் பழுதைக் கண்ணாடி நீக்காது. வீணாகும் ஒவ்வொரு வாரமும் நரம்பை மேலும் கெடுக்கும். இரண்டாவது, அச்சத்தால் எல்லா மாத்திரைகளையும் தாமே நிறுத்திவிடுவது. அவ்வாறு செய்தால் காசநோய்க் கிருமி மருந்துக்கு அடங்காததாகி, நோய் முன்னிலும் கொடியதாகத் திரும்பலாம், வீட்டாருக்கும் பரவலாம்.

செய்ய வேண்டியது இதுவே: அடுத்த வேளை மாத்திரையை விழுங்குமுன் சுகாதார மருந்தகத்திற்குச் சென்று, "என் பார்வை மாறியிருக்கிறது" என்று கூறுங்கள். மருத்துவர் எத்தாம்பியூட்டாலை மட்டும் நீக்கி, மற்ற மருந்துகளைத் தக்கவாறு அமைத்துத் தருவார். தேவையெனின் கண் நிபுணரிடம் அனுப்புவார். கிள்ளான் வட்டாரத்தினர்க்குத் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையும், தலைநகர்ப் பகுதியினர்க்குக் கோலாலம்பூர் மருத்துவமனையும் உள்ளன. உடனே நிறுத்தப்பட்டால், வாரங்களிலோ மாதங்களிலோ பார்வை பெரும்பாலோர்க்குத் தெளிவடையும். தாமதித்தால் சிலருக்கு அது திரும்புவதேயில்லை.

அவ்வாறு பார்வை இழந்தோர்க்கும் வழியடைந்து போவதில்லை. பிரிக்பீல்ட்ஸில் இயங்கும் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் தோன்றியது. வெள்ளைக் கோலின் துணையுடன் நடப்பதற்கும், பிரெயில் எழுத்தைப் படிப்பதற்கும், தொழில் கற்பதற்கும் அது பயிற்சி அளிக்கின்றது.

பிற நோய்களுக்கும் இதே நெறி

இந்நெறி காசநோய்க்கு மட்டும் உரியதன்று. மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் மல்டிபல் ஸ்கிளெரோசிஸ் என்னும் நோய்க்கு ஃபிங்கோலிமோட் என்ற மாத்திரை உண்டு. அமெரிக்கா 2010இல் அதனை அனுமதித்தது. அது சிலருக்கு விழித்திரையின் மையப் பகுதியை வீங்கச் செய்வதால், தொடங்குமுன்னும் 3 அல்லது 4 மாதங்கள் கழித்தும் கண் சோதிக்கப்படுகிறது. ஸ்டெராய்டு மருந்தை நெடுநாள் பயன்படுத்தினால் கண்புரையும் கண்நீர் அழுத்தமும் உண்டாகலாம். எந்த மருந்தாயினும், "இது கண்ணைப் பாதிக்குமா?" என்று கேட்பது நம் உரிமை.

மரத்திற்குக் காயம் படாமல் பட்டையை மெல்லியதாகச் சீவும் கைக்கு வழிகாட்டுவது கண்ணே. நுரையீரலைக் காக்கும் மருந்தைத் தவறாது உண்போம். மாற்றம் தெரிந்தால் அன்றே சொல்வோம்.