லைனிலா பிழை?

மாங்குளத்திலோ புதுக்குடியிருப்பிலோ வீட்டிலிருந்தபடி கிளிநொச்சி அலுவலகக் கணினிக்குள் போகப் பார்த்து, ரிமோட் டெஸ்க்டொப் இணையாவிட்டால் எல்லோரும் முதலில் சொல்வது "லைன் சரியில்லை" என்பதுதான். ஆட்களை அதிகம் அலைக்கழிக்கும் நம்பிக்கை இது. லைன் மந்தமென்றால் திரை விட்டுவிட்டு அசையும், அடித்த எழுத்து பிந்தி விழும். இணைக்கவே முடியவில்லை என்று செய்தி வந்தால் அதை முழுதாக வாசியுங்கள். மூன்று காரணங்களை அதுவே சொல்கிறது: அந்தக் கணினியில் அனுமதி திறக்கப்படவில்லை, அது அணைந்திருக்கிறது, அல்லது வலையமைப்பில் இல்லை.

எங்கள் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது இரண்டாவதை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. சின்ன மின்வெட்டுகளுக்குக் கணக்கே இல்லை. கரண்ட் வந்ததும் ரவுட்டர் தானாக எழும்பிவிடும். மேசைக் கணினி பெரும்பாலும் எழும்பாது, யாராவது போய் பட்டனை அமத்த வேண்டும். யு.பி.எஸ். தாங்குவது சில நிமிடங்களே. மின்சாரம் மீண்டதும் தானே இயங்கும்படி செய்யும் தெரிவு அநேக கணினிகளின் பயோஸில் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, கணினி தூங்கிப்போகும் அமைப்பையும் நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது மூன்றாவது காரணம். "முகவரியைச் சரியாகத்தானே அடித்தேன்?" 192.168 என்று தொடங்கும் முகவரி அலுவலக வலையமைப்புக்குள் மட்டுந்தான் செல்லும். சிம் போட்ட 4ஜி ரவுட்டர் என்றால் இன்னொரு சிக்கல். நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளருக்குப் பகிர்வதால், வெளியிலிருந்து உள்ளே வர வழியே இராது. அலுவலகத்திலுள்ள இன்னொரு கணினியிலிருந்து முயன்று பார்க்கச் சொல்லுங்கள். அங்கே இணைந்தால் கோளாறு வழியில், இல்லாவிட்டால் கணினியில்.

முதல் காரணமென்றால் பதிப்பைப் பாருங்கள். வின்டோஸ் ஹோம் பதிப்பிலிருந்து வேறு கணினிக்குப் போகலாம், வின்டோஸின் ரிமோட் டெஸ்க்டொப் வழியாக அதற்குள் யாரும் வர முடியாது. கணினியைத் திறக்கும் பின் இலக்கமும் இங்கே செல்லாது. கணக்கின் கடவுச்சொல்தான் வேண்டும்.

ஃபயர்வோலை நிறுத்தி, ரிமோட் டெஸ்க்டொப்பின் 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிட்டால் எல்லாம் சரி என்று சொல்பவர்களை நம்பவே வேண்டாம். 2019 மே மாதம் மைக்ரோசொப்ட் அதிலிருந்த ஒரு ஓட்டையை அடைத்தது. புளூகீப் என்று பெயர் பெற்ற அந்த ஓட்டைக்குக் கடவுச்சொல்லே தேவைப்படவில்லை. ஆதரவு முடிந்துபோன வின்டோஸ் எக்ஸ்பீக்குக்கூட அப்போது திருத்தம் வெளியிட்டார்கள் என்றால் ஆபத்தை நினைத்துப் பாருங்கள். வன்னியின் அலுவலகக் கணினிகளில் இருப்பவை காணிப் பதிவுகள், வீட்டுத்திட்டப் பட்டியல்கள். இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்து, வரிசையில் நின்று மறுபடி எடுத்த சனங்களின் விபரங்கள் அவை. அவற்றை வீதியில் வைக்க எங்களுக்கு உரிமையில்லை.

வி.பி.என். அமைத்து அதனூடாக நுழையுங்கள். பொது முகவரி இல்லாத சிறிய அலுவலகத்துக்கு, இரு கணினிகளும் வெளியே போய்ச் சந்திக்கும் குரோம் ரிமோட் டெஸ்க்டொப் போதும். அது ஹோம் பதிப்பிலும் இயங்கும். அரச அலுவலகமென்றால் முதலில் பொறுப்பதிகாரியின் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.