நாற்பது வீட்டுச் சபைக்கு நியமனமா?

இறையியல் பட்டம் வாங்கியாயிற்று, பேராயரின் நியமனக் கடிதமும் வந்தாயிற்று. பாளையங்கோட்டையில் ஏதாவது பெரிய கோவில் கிடைக்கும் என்று வீட்டில் கணக்குப் போட்டிருப்பார்கள். கடிதத்தில் இருப்பதோ தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு சிற்றூர். நாற்பது குடும்பம், ஒரு கோயில்பிள்ளை, மழைக்கு ஒழுகும் குருமனை. ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் திருப்பூர், சென்னை, துபாய் என்று போய்விட்டார்கள். கிறிஸ்துமஸுக்கும் அசனத்துக்கும் வருவார்கள்.

இதைத் தண்டனை மாறுதல் மாதிரி எடுத்துக்கொண்டு, முதல் நாளே அடுத்த சேகரத்தைக் கனவு காண்கிறவர்கள் உண்டு. அவர்களிடம் ஒன்று சொல்லலாம். திருநெல்வேலித் திருச்சபை வளர்ந்ததே இப்படிப்பட்ட ஊர்களில்தான். 1799-ல் முதலூர் உருவானபோது அங்கே இருந்தது மணலும் பனையும் ஒரு சில குடும்பங்களும்தான். மிஷனரி கால்டுவெல் 1841-ல் இடையன்குடிக்கு வந்தார். ஊரையும் மொழியையும் தெரிந்துகொள்ளச் சென்னையிலிருந்து நடந்தே வந்தார். அந்த மணல்காட்டில் இருந்துகொண்டுதான் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமும் எழுதினார். ஊர் சின்னது என்பதற்காக வேலை சின்னதாகிவிடாது.

பெரிய சபையில் உங்கள் பிரசங்கத்தை வைத்து உங்களை எடை போடுவார்கள். சின்னச் சபையில் உங்கள் கால்களை வைத்து. இதை மட்டும் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஆகவே முதல் மூன்று மாதம் எதையும் தொடங்காதீர்கள். புது ஐயர் வந்ததும் ஃப்ளெக்ஸ் அடித்து 'எழுப்புதல் பெருவிழா' நடத்துவது நம் பக்கத்தில் ஒரு வியாதி. பத்தாயிரம், இருபதாயிரம் ரூபாய் மைக் செட்டுக்கும் பந்தலுக்கும் போகும். வந்து உட்காருவது அதே நாற்பது குடும்பம். அந்த மூன்று மாதத்தை வீடு சந்திப்புக்குக் கொடுங்கள். சபை வீடுகளோடு நிறுத்தாமல் பக்கத்துத் தெருவுக்கும் காலனிக்கும் போங்கள்.

எந்த நேரத்தில் போகிறோம் என்பதில் சூட்சுமம் இருக்கிறது. நூறு நாள் வேலை நடக்கும் வாரத்தில் காலையில் போனால் பூட்டிய கதவைத்தான் பார்க்க முடியும். பனையேறும் வீடுகளில் சீசன் காலத்துக் காலைப் பொழுது பதநீரோடு போய்விடும். பீடி சுற்றும் வீட்டுக்கு மத்தியானம் போகலாம். ஆனால் வேலையை நிறுத்த வைக்காதீர்கள். அந்த அம்மா மடியில் தட்டை வைத்துக்கொண்டு இலையில் தூளை வைத்து உருட்டி, நுனியை மடக்கி, நூல் சுற்றிக்கொண்டேதான் பேசுவார்கள். சாயங்காலம் கடையில் எண்ணிக்கை குறைந்தால் கூலியும் குறையும். நீங்கள் நாற்காலி கேட்காமல் திண்ணையில் உட்காருங்கள். கடைசியில் ஜெபம் என்று கண்ணை மூடவைத்துக் கால் மணி நேரம் பிடித்துக்கொள்ளாமல், இரண்டு நிமிடத்தில் அந்த வீட்டுப் பிள்ளைகளின் பேரைச் சொல்லி ஜெபித்துவிட்டு எழுந்திருங்கள். அடுத்த முறை அவர்களே கூப்பிடுவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். யாருக்குச் சர்க்கரை, யாருடைய பென்ஷன் நின்றுபோனது, எந்தப் பையன் பத்தாம் வகுப்போடு நின்றான், எந்த இரண்டு வீட்டுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. நினைவாற்றல் எவ்வளவு இருந்தாலும் நோட்டு வேண்டும். கேட்டதை வேறு வீட்டில் சொல்லிவிட்டால் உங்கள் ஊழியம் அன்றோடு முடிந்தது. நாற்பது வீட்டு ஊரில் ரகசியம் சாயங்காலத்துக்குள் தெருமுனைக்கு வந்துவிடும்.

சாவு வீட்டுக்குப் பிந்தாதீர்கள். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போகவேண்டும் என்று ஊரில் சொல்வார்கள், ஊழியருக்கு அது இரட்டிப்பாகப் பொருந்தும். சபையில் இல்லாத வீட்டில் துக்கம் நடந்தாலும் போய் நில்லுங்கள். யாரும் ஜெபிக்கச் சொல்லாவிட்டால் ஜெபிக்க வேண்டாம், பெஞ்சு தூக்கிப் போடுங்கள். ஆண்டு முழுவதும் துண்டுப்பிரசுரம் கொடுப்பதைவிட இது பெரிய காரியம்.

மூன்று மாதம் கழித்து நோட்டைத் திறந்து பார்த்தால் ஊருக்கு என்ன தேவை என்று அதுவே சொல்லும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றே ஒன்று. மருத்துவ முகாம், தையல் பயிற்சி, மரக்கன்று, மதுவிலக்குப் பேரணி என்று எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் தொட்டால், ஆண்டறிக்கையில் போட்டோ நிறைய வரும். ஊரில் எதுவும் மிஞ்சாது. பணமில்லாமல், உள்ளூர் ஆட்களை வைத்து, வாராவாரம் நடத்த முடிகிறதா என்று பாருங்கள். முடியாதென்றால் அந்த வேலை சின்னச் சபைக்கு ஆகாது.

என்னைக் கேட்டால் இரண்டு வேலைகளைச் சிபாரிசு செய்வேன். ஒன்று, கோவில் வளாகத்தில் மாலை நேரப் படிப்பு. நல்ல வெளிச்சம், சுத்தமான கழிப்பறை, ஒரு கிண்ணம் சுண்டல், பாடம் சொல்லித்தர ஊரிலேயே பி.ஏ., பி.எஸ்ஸி. முடித்துவிட்டு இருக்கும் இரண்டு பெண்கள். இவ்வளவு போதும். வேத வசனம் ஒப்பித்தால்தான் சுண்டல் என்று வைக்காதீர்கள். முத்தாரம்மன் கோவில் கொடைக்குப் போகும் பிள்ளையும் அந்தோணியார் கோவில் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்து கணக்குப் போடட்டும். ஞாயிறு பள்ளிக்கு வேறு நேரம் இருக்கிறது.

இன்னொன்று, விண்ணப்ப மேசை. வாரம் ஒரு சாயங்காலம், ஒரு மேசை, ஸ்மார்ட்போன் தெரிந்த ஒரு வாலிபர். முதியோர் உதவித்தொகை, மகளிர் உரிமைத்தொகை, வருமானச் சான்று, கல்வி உதவித்தொகை ஆகியவற்றுக்கு என்ன காகிதம் வேண்டும் என்று தெரியாமலேயே எத்தனையோ பேர் தாலுகா அலுவலகத்துக்கு அலைகிறார்கள். ஒரு விதவைக்கு நின்றுபோன பென்ஷன் மறுபடி வந்தால் அந்தச் சேதி மூன்று ஊர் தாண்டும். பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போகத் தெரிந்த ஒருவரையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்டடத்தில் எந்த ஓ.பி. என்று தெரிந்த ஆள் கிராமத்துக்கு ஒரு சொத்து.

காகிதம் என்றதும் உங்கள் சொந்த வேலையையும் சொல்லிவிடுகிறேன். மூன்று ஞாயிறு ஓலை வாசித்துத் திருமணம் நடத்தி, பதிவேட்டில் கையெழுத்து வாங்கியதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-ன்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிய வேண்டும். பாஸ்போர்ட் எடுக்கும்போது தம்பதியர் உங்களைத்தான் தேடி வருவார்கள். இன்னொன்று இதைவிடக் கனமானது. பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் ஞானஸ்நானம் கேட்டால், 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவருக்கு எஸ்.சி. தகுதி இல்லை, தமிழ்நாட்டில் பி.சி. பட்டியலில்தான் வருவார் என்பதை முன்கூட்டியே உட்காரவைத்துச் சொல்லுங்கள். பிள்ளையின் கல்லூரி இடம்வரை பாதிக்கிற விஷயம் இது. இதை மறைத்துக் கொடுக்கிற ஞானஸ்நானத்தில் நேர்மை இல்லை.

அதே நேர்மை உதவியிலும் வேண்டும். அரிசிப் பையோடு துண்டுப்பிரசுரத்தைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். உதவி வாங்கினவர் ஆராதனைக்கு வந்தாரா என்று எண்ணாதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. சுற்றிலும் தண்ணீர், உள்ளே நூற்றுக்கணக்கான பயணிகள். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் கோவிலில் சமைத்துக் கொண்டுபோய்ச் சோறு போட்டார்கள். எந்தப் பயணியிடமும் நீ என்ன மதம் என்று கேட்கவில்லை. சமுதாய ஊழியம் பற்றிச் செமினரியில் படித்ததைவிட இதில் படிக்க நிறைய இருக்கிறது.

நம்மிடமும் அசனம் இருக்கிறது. சாதி, மதம் பார்க்காமல் வந்த எல்லாருக்கும் இலை போடும் வழக்கத்தை வைத்திருக்கும் சபைக்கு இதைவிட நல்ல அழைப்பிதழ் கிடையாது. யார் சமைக்கிறார்கள், யார் பரிமாறுகிறார்கள், காலனித் தெருக்காரர்கள் முதல் பந்தியில் உட்காருகிறார்களா என்பதை மட்டும் நீங்கள் கவனியுங்கள். கமிட்டியில் முணுமுணுப்பு வரும். வரட்டும். கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவர் கேட்கிறவர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள்; அவர்களுக்குத் தலையாட்டிவிட்டு வெளியே போய் அன்பைப் பற்றிப் பேசினால் ஊர் சிரிக்கும்.

ஒலிபெருக்கி விஷயத்தில் வம்பு வேண்டாம். சென்னையில் ஒரு ஜெபவீட்டின் சத்தம் பற்றிய வழக்கில், மற்றவர்களின் அமைதியைக் கெடுத்து ஜெபிக்கும் உரிமை எந்த மதத்துக்கும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. இரவு பத்து மணிக்கு மேல் மைக் கூடாது. பரீட்சை நேரத்தில் பகலிலும் குறைத்துவையுங்கள்.

பிள்ளைகள் வருகிற இடத்தில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்கட்டும், கதவு திறந்திருக்கட்டும். பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் போக்சோ சட்டம் 2012-ன்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும். 'சபைக்குள் பேசித் தீர்த்துக்கொள்வோம்' என்று மூப்பர் யாராவது சொன்னால், அப்படி மூடிவைப்பதே குற்றம் என்று அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

பணத்துக்கு வருவோம். 1903-ல், பின்னாளில் பேராயரான அசரியாவும் நண்பர்களும் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது, ஆளும் நம்முடையது, பணமும் நம்முடையது என்பதில் உறுதியாக இருந்தார்கள். சமைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கொண்டுவந்து கொட்டும் பெண்களின் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. சின்னச் சபையின் ஊழியம் அந்த அரிசிக்குள் அடங்க வேண்டும். அதற்கு வெளியே இருந்து வருகிற வெளிநாட்டு ஸ்பான்சர் ஆசைகளில் எஃப்.சி.ஆர்.ஏ. சிக்கலும் சேர்ந்தே வரும். கோவில் கட்டடத்தைப் பழுதுபார்க்க, வெளிநாட்டு நிதி வாங்காத பழைய தேவாலயங்களுக்குத் தமிழக அரசின் நிதியுதவி உண்டு. மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். மாத வரவு செலவைக் கோவில் வாசல் பலகையில் எழுதிப் போடுங்கள். சுண்டலுக்கு வாங்கிய கடலைக் கணக்கும் அதில் இருக்கட்டும். திருநெல்வேலிக்காரர்கள் பிரசங்கத்தில் தூங்கினாலும் கணக்கில் தூங்கமாட்டார்கள்.

உங்களையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். சம்பளம் குறைவு, அது எல்லாருக்கும் தெரியும். உபதேசியார்களுக்கும் தேவாலயப் பணியாளர்களுக்கும் தமிழக அரசின் நலவாரியம் இருக்கிறது. நீங்கள் பதிகிறீர்களோ இல்லையோ, உங்கள் கோயில்பிள்ளையைப் பதியவையுங்கள். திங்கட்கிழமையை ஓய்வு நாளாக வைத்துக்கொண்டு அதை ஊரறியச் சொல்லிவிடுங்கள். வீட்டம்மாவைச் சம்பளமில்லாத இரண்டாவது ஊழியராக்காதீர்கள். ஐயரம்மா என்று ஊர் பாசமாகத்தான் கூப்பிடும். ஞாயிறு பள்ளி, பெண்கள் ஐக்கிய சங்கம், விருந்தாளிச் சாப்பாடு என்று எல்லாம் அவர் தலையில் விழுந்தால் குடும்பம் முதலில் களைத்துவிடும்.

சில ஆண்டுகளில் மாறுதல் வரும். உங்களோடு நின்றுபோகிற வேலையாக எதையும் வைக்காதீர்கள். படிப்பு மையத்தின் சாவி பாடம் சொல்லும் பெண்களிடமும், விண்ணப்ப மேசையின் நோட்டு அந்த வாலிபரிடமும், கணக்குப் புத்தகம் சங்கத்துப் பெண்களிடமும் இரண்டாம் ஆண்டிலேயே போய்விட வேண்டும். உத்தரவு கைக்கு வந்தபிறகு ஆள் தேடத் தொடங்கினால் கிடைக்கமாட்டார்கள். இப்போதே இருவரைக் கூடவே கூட்டிக்கொண்டு வீடு சந்திப்புக்குக் கிளம்புங்கள்.