பழைய ஹைப்ரிட் கார்: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

சென்னையில் ஏழெட்டு வருஷம் ஓடிய கார்கள் கைமாறி வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கம் வருவது வழக்கம். இப்போது அவற்றோடு ஹைப்ரிட் வண்டிகளும் வருகின்றன. "பேட்டரி போனா லட்சக்கணக்குல செலவு" என்று பயந்து நல்ல வண்டியைத் தட்டிக்கழிப்பவர்கள் உண்டு. "மைலேஜ் அள்ளும்" என்ற புரோக்கர் பேச்சை நம்பி, வீணாய்ப்போன வண்டியைத் தலையில் கட்டிக்கொண்டவர்களும் உண்டு. எங்கள் ஊர் பழையசீவரத்தில் இரண்டு வகையினரையும் பார்த்துவிட்டேன். அதனால்தான் இந்தக் குறிப்புகள்.

1. எந்த ஹைப்ரிட் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 2015-ல் வந்த மாருதி சியாஸ், எர்டிகா டீசல் வண்டிகளின் பின்புறம் 'எஸ்எச்விஎஸ்' என்று எழுதியிருக்கும். இவை மைல்டு ஹைப்ரிட். பெல்ட்டில் சுழலும் ஒரு மோட்டார், ஸ்டார்ட்டராகவும் ஆல்டர்நேட்டராகவும் இருந்து, கிளம்பும்போது இன்ஜினுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும். மின்சாரத்தில் மட்டும் ஓடாது. 2010-ல் இங்கே விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ், 2013 முதல் கர்நாடகத்தின் பிடதியில் தயாரான கேம்ரி ஹைப்ரிட், 2022-ல் வந்த ஹோண்டா சிட்டி இ:எச்இவி ஆகியவை முழு ஹைப்ரிட். ஹைரைடர், கிராண்ட் விடாராவில் இரண்டு வகையும் உண்டு. சந்தேகம் இருந்தால், இன்ஜின் அணைந்த நிலையில் வண்டி தானாக நகர்கிறதா என்று ஓட்டிப் பாருங்கள். நகர்ந்தால் முழு ஹைப்ரிட்.

2. எஸ்எச்விஎஸ் டீசல் வண்டிக்குப் பெரிய பேட்டரி பயம் வேண்டாம். அதில் இருப்பது கொஞ்சம் கனமான லெட் ஆசிட் பேட்டரிதான். ஆனால் முந்தைய உரிமையாளர் காசை மிச்சம் பிடிக்க சாதாரண பேட்டரி போட்டிருந்தால், சிக்னலில் இன்ஜின் தானாக அணைந்து எழும் வசதி வேலை செய்யாது. பெல்ட் கீச்சிடுகிறதா என்றும் கேளுங்கள். 2018-ல் வந்த பெட்ரோல் மைல்டு ஹைப்ரிட் வண்டிகளில் கூடுதலாக ஒரு சின்ன லித்தியம் பேட்டரி, டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் அடியில் இருக்கும். அந்த இடத்தில் தண்ணீர் நின்ற தடம் இருக்கக் கூடாது.

3. முழு ஹைப்ரிட்டில் கோளாறு என்றால், முதலில் 12 வோல்ட் சின்ன பேட்டரியைப் பாருங்கள். இன்ஜினைச் சுழற்றுவது அதன் வேலை இல்லை. கம்ப்யூட்டர்களை எழுப்புவதுதான் வேலை. அதனால் சாதாரண வண்டி போல 'கர்ர்ர்' என்று இழுத்து முன்கூட்டியே எச்சரிக்காது. ஒருநாள் காலையில் மீட்டர் போர்டில் எல்லா விளக்கும் கார்த்திகை தீபம் மாதிரி எரியும், 'ரெடி' மட்டும் வராது. இரவு முழுக்க நின்ற வண்டியில் மல்டிமீட்டர் வைத்தால் 12.5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். 12-க்குக் கீழே இருந்தால், அதை மாற்றிப் பார்த்த பிறகு மற்றதைப் பேசலாம்.

4. பேட்டரி விசிறியைப் பாருங்கள். எல்லாக் குறிப்பையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பெரிய பேட்டரி பெரும்பாலும் பின்சீட்டுக்குப் பின்னாலோ அடியிலோ இருக்கும். அதைக் குளிர்விக்க ஒரு விசிறி, காருக்குள் இருக்கும் காற்றையே இழுக்கும். காற்று நுழையும் ஜன்னல் எங்கே என்று ஓனர் மேனுவலில் படம் போட்டிருப்பார்கள். பிரியஸில் பின்சீட்டின் பக்கவாட்டில் இருக்கும்.

எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் வாங்கிய பழைய கேம்ரியில் ஹைப்ரிட் எச்சரிக்கை விளக்கு வந்தது. கொண்டுபோன பணிமனையில் "பேட்டரியே போச்சு, புதுசு போடணும்" என்றார்கள். அவர் மனசு கேட்காமல் வேறொரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தார். வந்த மெக்கானிக், பெரிய பேட்டரியின் மின் இணைப்பைத் துண்டிக்கும் ஆரஞ்சு நிற சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, காத்திருந்து, விசிறியை வெளியே எடுத்தார். விசிறியின் இதழ்களுக்கு நடுவே கல்குவாரி லாரிகள் கிளப்பும் சாம்பல் நிறத் தூசியும் சீட் துணியின் நூலும் சேர்ந்து, கருகிய அடை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. பிரஷ்ஷால் சுரண்டி, புளோயரால் ஊதி, திரும்ப மாட்டினார். கோடை முடிந்தும் அந்த விளக்கு மறுபடி வரவில்லை.

நம் சாலையில் ஓடும் வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்தச் சுத்தம் தேவை. அந்த ஜன்னல்மேல் தலையணையோ அரிசி மூட்டையோ வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் ஏசியை அணைத்து ஓட்டாதீர்கள். உள்ளே காற்று சூடானால் பேட்டரியும் சூடாகும். பேட்டரியின் ஆயுளைத் தின்பது அந்தச் சூடுதான்.

5. ஓட்டிப் பார்க்கும்போது பேட்டரி அளவு காட்டும் கோடுகளைக் கவனியுங்கள். பழையசீவரத்திலிருந்து பாலாற்றுப் பாலம் ஏறி, திருமுக்கூடல் போய்த் திரும்புங்கள். நல்ல பேட்டரியில் அந்தக் கோடுகள் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். ஓரிரு நிமிடத்தில் நிறைந்து, அதே வேகத்தில் சரிந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. மாட்டுப்பொங்கலன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டை உற்சவத்துக்கு வரும்போது நம் சாலையில் வண்டிகள் ஊர்ந்து போகும் அல்லவா, அப்படிப்பட்ட நெரிசலில் முழு ஹைப்ரிட் பெரும்பாலும் சத்தமில்லாமல் நகர வேண்டும். நின்றபடியே இன்ஜின் அடிக்கடி எழுந்து உறுமினால், காரணம் கண்டுபிடிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

6. ஸ்கேனர் இல்லாமல் விலை பேசாதீர்கள். பிரியஸ் பேட்டரியில் 28 மாட்யூல்கள், மொத்தம் 201.6 வோல்ட். கம்ப்யூட்டர் இவற்றை இரண்டிரண்டாக 14 பிளாக்குகளாகப் பார்க்கிறது. வண்டி வேகமெடுக்கும்போது ஒரு பிளாக் மட்டும் மற்றவற்றைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் சரிந்தால், அதுதான் நோய். 'பி0ஏ80' என்ற பிழைக் குறியீடு வந்தால் பேட்டரி தேய்ந்ததாகப் பொருள். ஆனால் விற்பவர் காலையில்தான் குறியீடுகளை அழித்திருக்கலாம். அதனால் அரைமணி நேரம் ஓட்டிய பிறகு மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

7. பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டருக்குத் தனிக் கூலன்ட் தொட்டி இருக்கும். பிரியஸ் போன்ற வண்டிகளில் 'ரெடி' நிலையில் அதன் மூடியைத் திறந்தால் உள்ளே திரவம் அசைய வேண்டும். அசையாமல் இருந்தால் பம்ப் நின்றுவிட்டது. பம்ப் விலை கொஞ்சம். சூடேறி இன்வெர்ட்டர் போனால் செலவு அதிகம்.

8. இன்ஜினையும் மறக்க வேண்டாம். பேட்டரியைப் பற்றியே பேசி, பெட்ரோல் இன்ஜினை விட்டுவிடுகிறோம். இங்கே 2010-ல் வந்த பிரியஸ் மூன்றாம் தலைமுறை. அதில், புகையின் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பும் ஈஜிஆர் அமைப்பின் கூலர் கரியால் அடைத்து, கடைசியில் ஹெட் கேஸ்கெட் போவது தெரிந்த நோய். காலையில் முதல் ஸ்டார்ட்டில் இன்ஜின் சில விநாடி குலுங்கினாலோ, ஒழுகல் இல்லாமல் கூலன்ட் குறைந்தாலோ விலகிவிடுங்கள். பிரேக்கை மிதிக்காதபோதும் பிரேக் பம்ப் சில விநாடிக்கு ஒருமுறை 'விர்ர்' என்றால் அதுவும் பெரிய செலவு.

9. வெள்ளத்தில் நின்ற வண்டியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. கழுவித் துடைத்தால் சீட்டில் ஒன்றும் தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கோடு அங்கே நிற்கும். சீட் தண்டவாளத்தின் இடுக்கிலும், ஸ்டெப்னி குழியிலும் விரலை விட்டுத் தடவுங்கள். பெரிய பேட்டரி பெரும்பாலும் தாழ்வான இடத்தில் இருப்பதால் தண்ணீர் அதைச் சீக்கிரம் தொட்டுவிடும். மழைநாளில் மட்டும் வந்து போகும் 'பி0ஏஏ6' குறியீடு, உயர்மின்னழுத்தம் எங்கோ கசிகிறது என்பதற்கு அடையாளம்.

10. சும்மா நிறுத்தாதீர்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்தால் மட்டும் எடுக்கும் வண்டி, தினம் ஓடிய வண்டியைவிட முன்னதாகவே பேட்டரியை இழக்கலாம். வாரம் ஒருமுறை அரைமணி நேரம் ஓட்டுங்கள். வயல் ஓரம் நிறுத்தினால் எலி ஒயரைக் கடிக்கும். உயர்மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு ஒயரில் பல் தடம் பார்த்தால் தொடவே தொடாதீர்கள்.

11. ஒரு மாட்யூலை மட்டும் மாற்றும் வைத்தியம் நிலைக்காது. பழையவற்றின் நடுவே புதிது சேர்ந்தால், சில மாதத்தில் அடுத்த பலவீனமான மாட்யூல் விழும். மாட்யூல்களை இணைக்கும் செம்புப் பட்டைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால், அதைச் சுத்தம் செய்வதே போதும் என்ற நிலையும் உண்டு. இதை நீங்களே செய்யாதீர்கள். 200 வோல்ட் நேர்மின்சாரம் ஆளைக் கொல்லும். சர்வீஸ் பிளக்கைக் கழற்றிய பிறகும் பத்து நிமிடம் பொறுத்து, உயர்மின்னழுத்தக் கையுறையோடுதான் தொட வேண்டும். கையுறை வைத்திருக்காத மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.

12. கிலோமீட்டரைக் கண்டு மட்டும் ஒதுக்காதீர்கள். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 2011-ல், 3,30,000 கி.மீ. ஓடிய 2002 மாடல் பிரியஸைச் சோதித்தது. பத்து வருஷம் முன்பு புது வண்டியில் கிடைத்த மைலேஜே ஏறக்குறைய கிடைத்தது. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு, ஜப்பானிலிருந்து வந்த பழைய ஹைப்ரிட்டுகளைப் பழுதுபார்த்துத்தான் ஓட்டினார்கள். 2022-க்குப் பிந்தைய முழு ஹைப்ரிட்டுகளின் பேட்டரிக்கு டொயோட்டா, மாருதி, ஹோண்டா மூன்றுமே 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி தருகின்றன. உங்கள் பெயருக்கு அது மாறுமா என்று சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தினமும் செங்கல்பட்டுக்கு நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போய் வருபவருக்குப் பழைய முழு ஹைப்ரிட் பெரிய லாபம் தராது. சென்னை நெரிசலுக்குள் அடிக்கடி போகிறவர் வாங்கலாம். வாங்கினால், வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே அந்த விசிறி ஜன்னலைத் திறந்து பார்த்துவிடுங்கள்.