ஒரு பிரபு, இரண்டு வெலிங்டன்

கேள்வி: நியூசிலாந்தின் தலைநகருக்கும் குன்னூர் பக்கத்து ராணுவ ஊருக்கும் வெலிங்டன் என்று ஒரே பெயர் அமைந்தது எப்படி?

பதில்: இரண்டும் ஒரே பிரபுவின் கணக்கு. நெப்போலியனை வாட்டர்லூவில் வீழ்த்திய ஆர்தர் வெல்லெஸ்லிதான் அவர். 1809-ல் ஸ்பெயினில் தலவெரா போரில் வென்றதும் அவருக்குப் பிரபு பட்டம் கிடைத்தது. எந்த ஊரின் பெயரில்? ஆள் போர்க்களத்தில் இருந்ததால் அண்ணன் வில்லியம் முடிவு செய்தார். சாமர்செட்டில் வெலிங்டன் என்றொரு சிற்றூர். குடும்பப் பெயரோடு ஓசையும் ஒத்துப்போனது. சொந்த ஊரெல்லாம் இல்லை!

தெற்கு ஆஸ்திரேலியாவில் குடியேற்றம் அமைக்கும் மசோதாவுக்கு 1834-ல் அவர் கைகொடுத்தார். அதற்கு நன்றியாகத் தலைநகருக்கு அவர் பெயரை வைப்பதாகப் பேச்சு. ஆனால் மன்னர் நான்காம் வில்லியம் தம் ராணியின் பெயரை விரும்பினார், அடிலெய்டு பிறந்தது. மன்னர் கேட்டால் மறுப்பார் யார்? அந்தப் பாக்கியை 1840-ல் நியூசிலாந்தில் தீர்த்தார்கள். அந்தத் தீவுகளில் அவர் கால் வைத்ததே இல்லை.

தென்னிந்தியாவை அறிந்தவர்தான், 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் இருந்தார். நீலகிரியில் குன்னூர் பக்கத்து ஜக்கதளா பாசறை அவர் பெயரைப் பெற்றது மட்டும் அவர் மறைவுக்குப் பிறகு.