காப்பு நகலுக்கும் பூட்டு வேண்டும்

மாணவர்களே, நம் பினாங்கின் பத்து காவானில் கணினிச் சேமிப்புச் சாதனங்கள் தயாராகின்றன. சாதனத்தைச் செய்வது ஒரு திறன். அதில் வைத்த தரவைக் காப்பது வேறொரு திறன். இவ்வாரம் இரண்டாவதைப் பற்றிப் படிப்போம்.

பகிர்வுக் கோப்புறை

ஒரு பள்ளிக் கணினிக்கூடத்தில் 20 கணினிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றிலுள்ள கோப்புகளின் நகல்களை ஒரே சேமிப்பகத்தில் வைத்து, வலையமைப்பு வழியாக மற்றவர்களும் திறக்க வழி செய்தால் அது பகிர்வுக் கோப்புறை. விண்டோஸ் கணினிகள் இதற்கு எஸ்.எம்.பி. என்ற விதிமுறையைப் பயன்படுத்துகின்றன. 445 என்ற எண்ணுள்ள வாயிலில் அது இயங்குகிறது.

2017 தந்த பாடம்

2017 மே 12ஆம் நாள் ‘வானாக்ரை’ என்ற பிணைநிரல் பரவத் தொடங்கியது. விண்டோஸில் எஸ்.எம்.பி.யின் பழைய முதல் பதிப்பை இயக்கும் பகுதியில் இருந்த ஓட்டை வழியாக அது கணினி விட்டுக் கணினி தாவியது. 150 நாடுகளில் 200,000க்கும் அதிகமான கணினிகள் பாதிக்கப்பட்டன. கோப்புகளை மறையாக்கிவிட்டு, அவற்றை விடுவிக்க 300 டாலர் மதிப்புள்ள பிட்காயினைக் கேட்டது. பிரிட்டனின் மருத்துவமனைகளில் நோயாளிகளின் சந்திப்புகள் ரத்தாயின. இத்தனைக்கும் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது!

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் கணக்கில் நுழைந்த பிணைநிரலுக்கு உங்களுக்குள்ள அனுமதி அனைத்தும் கிடைக்கும். காப்பு நகல் இருக்கும் கோப்புறையில் நீங்கள் எழுத முடியும் என்றால், அதனாலும் எழுத முடியும். அசலோடு நகலும் பூட்டப்படும்.

பாதுகாப்பாக அமைப்பது எப்படி?

1. எஸ்.எம்.பி. முதல் பதிப்பை நிறுத்துங்கள். மறையாக்க வசதியுள்ள மூன்றாம் பதிப்பைப் பயன்படுத்துங்கள்.

2. கடவுச்சொல் இல்லாத விருந்தினர் கணக்கை மூடுங்கள். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு கொடுங்கள்.

3. தேவையான அனுமதியை மட்டும் வழங்குங்கள். பாடக்குறிப்புக் கோப்புறையில் மாணவர்களுக்குப் படிக்கும் அனுமதி போதும். காப்பு நகல் கோப்புறையில் எழுதும் அனுமதி, நகலெடுக்கும் கணக்குக்கு மட்டுமே. அந்தக் கணக்கில் வேறு எந்த வேலையும் செய்யக்கூடாது.

4. 445ஆம் வாயிலை இணையத்திற்குத் திறந்துவிடாதீர்கள்.

5. திருத்தங்கள் வந்தவுடன் நிறுவுங்கள்.

3-2-1 விதி

தரவின் 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்களில், அவற்றுள் 1 வேறு இடத்தில். ஏன் வேறு இடம்? அதே 2017 நவம்பரில் பினாங்கைச் சூழ்ந்த பெருவெள்ளம் உங்கள் பெற்றோருக்கு நினைவிருக்கும். கணினியும் காப்பு வன்தட்டும் ஒரே மேசைக்கு அடியில் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே நனையும். எந்தக் கணினியோடும் இணைக்காத வன்தட்டு ஒன்றும் வேண்டும். வலையமைப்பில் இல்லாததைப் பிணைநிரல் எட்ட முடியாது.

இறுதியாக, நகலைத் திறந்து பாருங்கள். மீட்டெடுத்துப் பார்க்காத நகலை நம்ப முடியாது.

செய்து பாருங்கள்

உங்கள் செயல்திட்ட அறிக்கைக்கு எத்தனை பிரதிகள் உள்ளன? அவை எங்கே இருக்கின்றன? யாரால் மாற்ற முடியும்? மூன்று பத்தி அட்டவணை வரைந்து நிரப்புங்கள். காலியாக இருக்கும் கட்டத்தை இன்றே நிரப்பத் தொடங்குங்கள்.