கிரீஸ் டப்பாவுக்குள் ஒரு குறைகடத்தி



மெக்கானிக்கல் நண்பர்கள் கையைக் கருப்பாக்கிக்கொள்ளும் ‘மாலி கிரீஸ்’ நமக்கெல்லாம் தெரியும். அதில் கலந்திருப்பது மாலிப்டினம் டைசல்பைடு. அது ஒரு குறைகடத்தி! மாலிப்டினக் கனிமம் நம் தருமபுரி மாவட்டம் அரூர்ப் பகுதிப் பாறைகளிலும் கண்டறியப்பட்டுள்ளது.

சீட்டுக்கட்டு போல அடுக்கடுக்காக அமைந்த பொருள் இது. அடுக்குகளுக்கு இடையே வேதிப் பிணைப்பு இல்லை. வலுவற்ற வான் டெர் வால்ஸ் விசைதான். அதனால்தான் வழுக்குகிறது. ஒரே ஒரு அடுக்கைப் பிரித்தால் அதன் தடிமன் சுமார் 0.65 நானோமீட்டர். அப்படிப் பிரித்த அடுக்கு ஒளியை நன்றாக உமிழும் என்று 2010-ல் கண்டார்கள்.

இரண்டை அடுக்கினால்?

இதன்மேல் டங்ஸ்டன் டைசல்பைடின் ஓர் அடுக்கை வைப்போம். பி-என் சந்திப்புக்கு நாம் வரையும் அதே ஆற்றல் பட்டை வரைபடத்தை இங்கும் வரையலாம். கடத்தும் பட்டை மாலிப்டின அடுக்கில் தாழ்வு. இணைதிறன் பட்டை டங்ஸ்டன் அடுக்கில் உயர்வு.

எங்க தாடிக்கொம்புப் பக்கம் வரப்பை வெட்டிவிட்டா மேட்டு வயல் தண்ணி பள்ள வயலுக்குத்தானே பாயும்? எலக்ட்ரானும் அப்படித்தான், மாலிப்டின அடுக்குக்கு இறங்கும். துளையோ தண்ணிக்குள்ள விட்ட காத்துக் குமிழி மாதிரி. மேலேறி டங்ஸ்டன் அடுக்குக்குப் போயிடும்.

சரி, கம்பியும் இல்லை, பிணைப்பும் இல்லை. எவ்வளவு நேரம் ஆகும்? 2014-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் லேசர் துடிப்புகளால் அளந்தார்கள். ஒளி பட்டு 50 ஃபெம்டோ விநாடிக்குள் துளை தாவிவிடுகிறது! ஒரு விநாடியில் இப்படி 20 லட்சம் கோடி தடவை தாவலாம்.

இதனால் என்ன பயன்?

எலக்ட்ரானும் துளையும் மறுபடி சேர்ந்துவிட்டால் ஒளி தந்த ஆற்றல் வீண். சேருமுன் பிரித்துவிட்டால் அதை மின்னோட்டமாக எடுக்கலாம். சூரிய மின்கலத்துக்கும் ஒளி உணரிக்கும் உயிர்நாடியே இதுதான்.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தினர் 2013-ல் கிராஃபீனையும் மாலிப்டினம் டைசல்பைடையும் அடுக்கிக் காட்டினார்கள். ஒளி பட்டதும் மின்னூட்டம் கிராஃபீனுக்குத் தாவ, அதன் இணை மறு அடுக்கிலேயே சிக்கிக்கொள்கிறது. விளக்கை அணைத்த பின்னும் கிராஃபீனின் மின்தடை மாற்றம் நிலைக்கிறது. அதாவது, ஒளியால் எழுதி, கேட் மின்னழுத்தத்தால் அழிக்கும் நினைவகம்!

பெரிய பரப்பில், அழுக்குப் படாமல் அடுக்குவது இன்னும் கடினமான வேலை. அது நம் போன்ற கைத்திறன் படித்தவர்கள் செய்ய வேண்டிய வேலையும்கூட. “இதெல்லாம் ஐ.ஐ.டி.க்காரங்க சமாச்சாரம்” என்று ஒதுங்காதீர்கள். டயோடு பாடத்தின் பட்டை வரைபடத்தை ஒழுங்காகப் படித்தவருக்கு இந்தக் கதவின் சாவி ஏற்கெனவே கையில் இருக்கிறது. பூட்டு ஊர்க்காரன் சொல்கிறேன், திறந்து பாருங்கள்!